நடவுக்கு ஆள் கேட்டுப் போனது

சன்னல் பக்கம் நீ உக்காந்துக்க பாப்பா, எனக்குக் காத்து ஒத்துக்காது. நீடாமங்கலம் ரயில் கேட்டை மூடிட்டான். இனிமே எஞ்சினை முன்ன ஓட்டிப் பின்ன ஓட்டி, அவனுக்கா எப்பத் தோணுதோ அப்பத்தான் தொறப்பான். கும்பகோணத்துக்குத்தானே நீயும்? நான் கண்ணு டாக்டருகிட்டப் போறேன். நமக்கு கார் இருக்கு, ஒர்க்‌ஷாப்புல கிடக்கு. இல்லாட்டி நான் பஸ் ஏறுற ஆளில்லை.

அந்தா, நம்ம பக்கத்துல நிக்குது பாரு ஒரு வேன். உள்ள பாரேன். பூராவும் பொம்பளைவோ. காதுல ஒயரு, கழுத்துல அட்டை, அட்டையில போட்டோ. கலெக்டர் ஆபீசுக்குப் போறாளுவன்னு நினைச்சுக்காத. செருப்புக் கம்பெனிக்கு. வெளிநாட்டுக்காரன் காலுல போட்டுக்கச் செருப்பு தைக்கப் போறாளுவ. அதுக்கு இந்த மினுக்கு.

அந்தக் கையெல்லாம் என்ன கையின்னு உனக்குத் தெரியாது. நாத்து புடிச்ச கையி. எங்க ஊரு நெடுந்திடல்ல நடவுன்னா அப்பிடி இருக்கும். நான் கல்யாணமாகி வந்தப்ப எங்களுக்கு ரெண்டு வேலி நிலம். ஒண்ணைக் கொழுந்தனாரு வித்துத் தின்னாச்சு, ஒரு வேலி நம்மகிட்ட இருக்கு. எங்க வீட்டுக்காரர் போனதுக்கப்புறமும் நான்தான் விவசாயம் பண்றேன். கொடை புடிச்சுக்கிட்டு வரப்புல போயி நின்னேன்னா, அத்தனை பேரும் குனிஞ்ச தலை நிமிர மாட்டாளுவ. நெடுந்திடல்ல போயித் தையல்நாயகி அம்மான்னு கேளு, சொல்வாங்க.

இப்ப என்ன ஆச்சுன்னா, எல்லாம் போச்சு. ஊருக்கு ஊரு வேன் வருது. காலையில பால்காரனுக்கு முன்னாடி வந்து ஆரனை அடிக்கிறான். கீழத்தெருவுல ஒருத்தி மிச்சமில்லை. நாலு எழுத்து படிச்ச குட்டிவோ போறது சரி. நடவுக்குன்னே பொறந்தவளுவளும் போறாளுவ. ஒரு நாடு இப்பிடிக் கெட்டுப்போறதைப் பாத்துக்கிட்டு எல்லாவனும் அதுக்கு வளர்ச்சின்னு பேரு வைக்கிறான்.

போன வருசம் குறுவைக்கு நடந்ததைச் சொல்றேன் கேளு. உனக்கும் பொழுது போவணும்ல.

மேட்டூர்ல தண்ணி விட்டு, வாய்க்கால்ல வந்து, வயலெல்லாம் சேறடிச்சாச்சு. நாத்து தயார். நாத்துக்கு ஒரு பருவம் உண்டு பாப்பா, அதைத் தாண்டுச்சுன்னா முத்திப் போயிடும், நட்டாலும் தூரு கட்டாது. நான் எங்க வீட்டுக் காரியம் பாக்குற கலியபெருமாளைக் கூப்பிட்டு, "வேம்புகிட்டச் சொல்லு, திங்கக்கிழமை நடவு"ன்னேன்.

வேம்புங்கறவ கீழத்தெருக்காரி. எனக்கு ஒரு வயசு கூடவோ கொறச்சலோ. நடவுக்கு ஆள் சேத்துக்கிட்டு வர்றது அவதான். நான் இந்த ஊருக்கு வந்த நாளா அப்பிடித்தான். திங்கக்கிழமை வந்துச்சு. ஆளைக் காணும். கலியபெருமாள் போயிட்டு வந்து தலையைச் சொறியிறான். "ஆள் இல்லைங்கறாங்கம்மா." மறுபடி அனுப்பிச்சேன். மறுபடியும் அதே. மூணாந்தடவை அவ என்ன சொல்லி அனுப்புறா தெரியுமா? "அம்மாவை ஒருதரம் வந்து பேசச் சொல்லுங்க."

என்னை வரச் சொல்றா.

நான் அந்தத் தெருவுக்கு ஒருநாளும் போனதில்லை. எதுக்குப் போவணும்? அவளுவதானே வருவாளுவ. கொல்லப்பக்கம் வந்து நிப்பாளுவ, என்ன வேணுமோ சொல்லுவாளுவ, போவாளுவ. ஆனா நாத்து நிக்குதே. வீம்பு பாத்தா நாத்து காத்திருக்குமா? கலியபெருமாளை வண்டி எடுக்கச் சொல்லிப் போனேன். நிலத்துக்காகத்தான் போனேன், வேம்புக்காக இல்லை.

தெருவுல ஒரு பொம்பளை இல்லை. கிழவனுவ ரெண்டு பேரு வேப்பமரத்தடியில சீட்டு ஆடுறானுவ. வேம்பு வீடு மாடி வீடு பாப்பா. கீழ வழவழன்னு கல்லு. உள்ள சோபா. நான் வாசல்ல நின்னேன். வேம்பு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டாந்து தொடைச்சுப் போட்டா. சரி, மரியாதை தெரிஞ்சவன்னு உக்காந்தேன். அடுத்தாப்புல இன்னொரு நாற்காலியைக் கொண்டாந்து எனக்கு எதுத்தாப்புல போட்டு அவளும் உக்காந்தா.

உக்காந்தா. எனக்கு எதுத்தாப்புல.

முட்டி வலியாம். அதுக்காக எதுத்தாப்புலயா போடுவா? தண்ணி கொண்டாந்தா, தாகமில்லைன்னுட்டேன்.

"நான் சொல்லி அனுப்பிச்சேனே, காதுல விழலையா?"ன்னேன்.

"விழுந்துச்சும்மா. ஆள் இல்லை."

"தெரு நிறைய ஆளு இருக்கே."

"இருக்காங்கம்மா. கம்பெனிக்குப் போறாங்க. ஞாயித்துக்கிழமை லீவு. அன்னைக்கு வரச் சொல்றேன். வருவாங்க, நடவுன்னா அவங்களுக்கும் ஆசைதான். கூலியை அப்புறம் பேசிக்கலாம். ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாங்க."

"என்னவாம்?"

"பம்புசெட்டுக்கிட்ட இருக்குற கக்கூசைத் தொறந்து விடணுமாம்."

எனக்கு முதல்ல காதுல சரியா விழலையோன்னு இருந்துச்சு. அந்தக் கக்கூசு எம் மவன் குமரகுரு கட்டுனது. அவன் அமெரிக்காவுல இருக்கான், டாலஸ்ல. பேரப்புள்ளைங்க வந்தா பம்புசெட்டுல குளிக்கணும்னு ஆசைப்படுதுவன்னு, உக்கார்ற மாதிரி வெள்ளைக் கோப்பை வச்சு, டைல்ஸ் ஒட்டிக் கட்டுனான். புள்ளைங்க ரெண்டு தடவை வந்துச்சுவ. மத்த நேரம் பூட்டித்தான் கிடக்கும். சாவி என் இடுப்புல.

"ஏன்டி வேம்பு, இத்தனை வருசமா எங்கடி போனீங்க? வாய்க்காக் கரை இல்லையா, மூங்கில் தோப்பு இல்லையா?"ன்னேன்.

அவ சத்தமே போடல. அதுதான் எனக்கு ஆத்திரம். ஏதோ ஊர்க்கதை பேசுற மாதிரிச் சொல்றா: "போனோம்மா. தோப்பு அழிஞ்சு போச்சு. கரையில ரோடு போட்டாச்சு. முன்னயும் சும்மா போகலியே. நீங்க வரப்புல நிப்பீங்க. ஒதுங்கப் போனா, இவ்வளவு நேரம் என்னடின்னு கேப்பீங்க. அதனால நாங்க நடவு அன்னைக்குக் காலையிலேருந்து தண்ணி குடிக்க மாட்டோம். குடிச்சாத்தானே போவணும்."

கேட்டியா கதையை. முழங்கால் தண்ணியில நிப்பாளுவளாம், தண்ணி குடிக்க மாட்டாளுவளாம். நானா குடிக்காதேன்னேன்?

இன்னும் சொல்றா. "திவ்யபாரதி வயித்துல இருக்கறப்ப உங்க கோயில் பங்கு வயல்லதான் நட்டேன். அடக்கி அடக்கித்தான் நீர்க்கடுப்பு வந்து ஆஸ்பத்திரியில கிடந்தேன்"ங்கறா. கிடந்தா, இல்லைங்கல. அப்ப ஒரு மூட்டை நெல்லு குடுத்து அனுப்பிச்சேனே, அதைச் சொன்னாளா? சொல்லல. அதெல்லாம் ஞாபகம் இருக்காது.

அந்தத் திவ்யபாரதிதான் இப்பக் கம்பெனியில சூப்பர்வைசராம். "கம்பெனியில கக்கூசு இருக்கும்மா, வரிசையா. போறப்ப ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. பேரு சொல்லிக் கூப்பிடுறாங்க"ங்கறா. இதுக்காகவா பாப்பா ஒருத்தி நிலத்தை விட்டுட்டுப் போவா? கூலி பத்தலைன்னு சொல்லு, ஒத்துக்கறேன். வெயிலு தாங்கலைன்னு சொல்லு, சரி. கக்கூசுக்காக. சோறு போடுற லட்சுமியை விட்டுட்டுக் கக்கூசுக்காகப் போனாளுவன்னு நாளைக்கு எவனாவது எழுதி வைக்கணும்.

எந்திரிச்சு வந்துட்டேன்.

கேட்டைத் தொறந்துட்டான், வண்டியைக் கிளப்பிட்டான் பாரு. அந்த வேன்காரனுக்கு அவசரத்தைப் பாரு, முட்டிக்கிட்டுப் போறான். லேட்டாப் போனா செருப்பு அழுவும்.

அப்புறம் என்ன பண்றது. கலியபெருமாள் கும்பகோணத்துல ஒரு புரோக்கரைப் புடிச்சான். வடக்கத்தியானுவளைக் கொண்டாந்து விட்டான், வங்காளமோ என்னமோ. ஒரு லோடு ஆளு. பூராவும் ஆம்பளைவோ. ஆம்பளை நடவு நடுறதை என் சென்மத்துல அன்னைக்குத்தான் பாத்தேன். போன்ல பாட்டை வச்சுக்கிட்டு, குனிஞ்சா நிமிர்றதே இல்லை, பின்னாடியே நடந்து போறானுவ, நாத்து வரிசையா முன்னாடி நிக்குது. வேலை சுத்தந்தான். ஆனா அதுல என்ன இருக்கு? அம்மான்னு ஒரு வார்த்தை தவிர எதுவும் தெரியாது. மூணு வேளையும் உருளைக்கிழங்கு. மேஸ்திரி பேரு ரபீக்கோ ரவியோ, கேட்டேன், மனசுல நிக்கல.

புரோக்கர் வந்த அன்னைக்கே சொல்லிட்டான், தங்க இடமும் கக்கூசும் வேணும், இல்லாட்டி ஆள் நிக்காதுன்னு. பம்புசெட்டு ரூமைக் குடுத்தேன். பக்கத்துலயே அதையும் தொறந்து விட்டேன்.

கலியபெருமாள் வந்து காதுல ஓதுறான், "அம்மா, கீழத்தெருவுல பாத்தா மனசு சங்கடப்படுவாங்க"ன்னு. பாக்கட்டும்னேன். என்ன தப்பு? இவனுவ யாரு எவருன்னு நமக்குத் தெரியாது. எங்கேயோ இருந்து வந்தவன், நாளைக்குப் போயிடுவான். யாருன்னு தெரியாதவன் உள்ள போனா ஒண்ணுமில்லை. தெரிஞ்சவ போனாத்தான்... சரி, உனக்குப் புரியும். நீ யாரு வீட்டுப் பொண்ணு? மன்னார்குடியிலதானே ஏறுனே, எந்தத் தெரு? சொல்ல மாட்டேங்குறியே. ஏன் மூஞ்சியை அந்தப் பக்கம் திருப்பிக்கிறே, வெயிலடிக்குதா? திரையை இழுத்து விட்டுக்க.

நடவு முடிஞ்சுச்சு. பயிரு நல்லாத்தான் வந்துச்சு. நான் எம் மவன்கிட்டப் போன்ல சொன்னேன், பாத்தியாடா, கீழத்தெரு இல்லாமயே விவசாயம் பண்ணிட்டேன்னு. அவன் படிச்சவன்ல, நமக்கு நாட்டைப் பத்திப் பாடம் எடுப்பான். "அம்மா, நாட்டோட வருமானத்துல விவசாயம் ஆறுல ஒரு பங்குதான். ஆனா சனத்துல பாதிப் பேரு அதுலதான் கிடக்கான். அவன்லாம் வெளியில போனாத்தான் எல்லாரும் பொழைப்பாங்க. நீயும் வித்துட்டு இங்க வந்துடு"ங்கறான். நான் கேட்டேன், "ஏன்டா, ஆறுல ஒரு பங்குன்னுட்டு நீ சோத்தையும் ஆறுல ஒரு பங்குதான் திங்கிறியா?" படிச்சவனுவளுக்குக் கணக்குத் தெரியுமே ஒழிய பசி தெரியாது.

அறுப்புக்குப் பத்து நாளைக்கு முன்ன ஆரம்பிச்சுச்சு மழை. அடைமழை. கதிரு முத்தி நின்ன பயிரு அப்பிடியே பாய் விரிச்ச மாதிரி சாஞ்சிருச்சு. அறுப்பு மிஷின்ல டயர் வண்டி சேத்து வயல்ல எறங்காது, செயின் வண்டிக்கு ஊரு பூராவும் அடிதடி. வடக்கத்தியானுவ நட்ட கையோட கேரளாவுக்குப் போயிட்டானுவ. கையால அறுத்தாத்தான் உண்டு. கையி எங்க இருக்கு? கீழத்தெருவுல இருக்கு.

நான் போகல. கலியபெருமாளா நனைஞ்சுக்கிட்டுப் போனான். வேம்பு அவனுக்கு டீ போட்டுக் குடுத்து உக்கார வச்சுக் கேட்டாளாம்: "யாருன்னே தெரியாதவனுக்குத் தொறந்த பூட்டு, எங்களுக்கு ஏன்யா தொறக்கல?"

பொறாமை. வேறென்ன? ஒரு வயித்துப்புள்ளைக்காரி மாதிரி சாஞ்சு கிடக்கு பயிரு, அதைப் பாத்து எரக்கம் வரலை, பூட்டைப் பத்திப் பேசுறா. சோத்துக்குத் துரோகம் பண்றவளுவ.

கதிருல முளை வந்துருச்சு பாப்பா. வயல்லயே நெல்லு பச்சையா முளைச்சு நின்னுச்சு. மாட்டுக்குப் போட்டேன். நான் அழல. யாரும் பாக்குற மாதிரி அழல.

மவன் விடாப்பிடியா நின்னான். பிளாட்டு போட்டு விக்கிற மனைக்கட்டுக்காரன் வந்து வந்து பாத்துட்டுப் போறான். வித்துட்டா நான் யாரு? டாலஸ்ல போயி, மருமவ வேலைக்குப் போன வீட்டுல, கண்ணாடி வழியா ரோட்டைப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கறதா? விக்க மாட்டேன்னுட்டேன். குத்தகைக்கு விடலாம்னு எங்க பங்காளிங்களைக் கேட்டேன். ஒருத்தன் தேக்கு நட்டுட்டுத் திருச்சியில குடியிருக்கான், அது வளந்தா சரி. ஒருத்தன் மவன் சிங்கப்பூரு, அவன் வரப்புல நடந்தே எத்தனையோ வருசமாச்சு. எல்லாவனும் கல்யாணப் பத்திரிகையில மிராசுதாருன்னு போட்டுக்குவானுவ. அரிசி வாங்குறது ரேஷன் கடையில.

தை பொறந்து ஒரு ஞாயித்துக்கிழமை, கலியபெருமாள் ரெண்டு பேரைக் கூட்டிக்கிட்டு வந்தான். வேம்பு, கூட அவ மவ. அந்தத் திவ்யபாரதி சுடிதார் போட்டுக்கிட்டு முன்வாசல் வழியா வந்து, "வணக்கம் மேடம்"ங்கறா. மேடமாம். நான் என்ன பேங்க்குலயா உக்காந்திருக்கேன்?

"உங்க நிலத்தை நாங்க பத்துப் பொம்பளைங்க சேந்து குத்தகைக்கு எடுத்துக்கறோம் மேடம். வார நாள்ல மிஷின் நடவு, ஞாயித்துக்கிழமை நாங்க எறங்கிப் பாத்துக்குவோம். மிஷின் வாடகைக்குப் பேசியாச்சு. குத்தகை நெல்லு வீட்டுக்கு வந்துரும்."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. "வேணாம்னு போனவளுவதானே நீங்க? இப்ப எதுக்கு நிலம்?"ன்னேன்.

அந்தக் குட்டி என்னை நேராப் பாத்து, "நாங்க நிலத்தை விட்டுப் போகல மேடம், நாங்க..." அப்பிடின்னு ஆரம்பிச்சா. வேம்பு அவ கையைப் புடிச்சு அமுக்குனா. வாயை மூடிக்கிட்டா. பாத்துக்க, ஆயிரம் மாடி கட்டுனாலும் ஆத்தாக்காரிக்கு என் மேல பயம் இருக்கு. அவ என்ன சொல்ல வந்தான்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சு என்ன ஆவணும்.

குடுத்துட்டேன். வேற போக்கு இல்லைன்னு இல்லை. கெஞ்சிக் கேட்டாளுவ, பாவமா இருந்துச்சு, குடுத்தேன். பம்புசெட்டுச் சாவியும் அதோட போச்சு. நிலம் அவளுவகிட்ட இருக்கறப்ப அது என்கிட்ட இருந்து என்ன பண்ண? போனதும் முதல்ல அந்தக் கக்கூசைக் கழுவி, பக்கத்துலயே இன்னொண்ணும் கட்டிட்டாளுவளாம். எத்தனை வேணுமோ கட்டிக்கட்டும்.

இந்த வருசம் குறுவைக்கு முதல் நடவு, ஞாயித்துக்கிழமை. வேம்பு ஆள் அனுப்பிச்சா, நிலத்துக்குச் சொந்தக்காரங்க கையால முதல் முடி நாத்து நடணும்னு. அந்த மட்டும் முறை தெரிஞ்சிருக்கே. பட்டுப்பொடவை கட்டிக்கிட்டு, கொடையை எடுத்துக்கிட்டுப் போனேன்.

பூராவும் அவளுவதான். கழுத்து அட்டையெல்லாம் கழட்டிட்டு, பொடவை மேல ஆம்பளைச் சட்டையை மாட்டிக்கிட்டு, தலையில துண்டு. தண்ணி கேன் ஒண்ணு வரப்புல இருக்கு, ஆளாளுக்கு மடக்கு மடக்குன்னு குடிக்கிறாளுவ. நான் எறங்குனேன். நான் சேத்துல கால் வச்சது அன்னைக்குத்தான் முதல் தடவை. வச்ச கால் வரல. முழங்கால் வரைக்கும் இழுக்குது. ஆடிட்டேன். வேம்பு வந்து என் முழங்கையைப் புடிச்சா. அவ கையி என் மேல பட்டது அதுதான் முதல் தடவை. கெட்டியான கையி. விடச் சொல்லணும்னு நினைச்சேன், விட்டா விழுந்துருவேனேன்னு சொல்லல. ஏதோ நாலு நாத்தைச் சொருகுனேன். அது தண்ணியில மிதக்குது. அப்பச் சிரிச்சாளுவ பாரு.

என்னைப் பாத்துத்தான்னு இல்லை. அவளுவளுக்குள்ள ஏதோ பேசிச் சிரிப்பு. ஒருத்தி சொல்றா, இன்னொருத்தி இடுப்பைப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறா. திவ்யபாரதி சேத்தை அள்ளி ஒருத்தி மேல எறியிறா. வயலு பூராவும் சத்தம். என் வயல்ல அப்பிடி ஒரு சத்தத்தை நான் கேட்டதே இல்லை பாப்பா. நான் வரப்புல நின்ன காலத்துல ஒருத்தி வாயைத் தொறக்க மாட்டா. குருவி கத்துறது கேக்கும். அவ்வளவு மரியாதை.

இனிமே அதெல்லாம் எங்க வரப்போவுது. நான் பாட்டுக்கு அங்கயே நின்னுக்கிட்டிருந்தேன். வேம்புதான் மெதுவா என்னைத் திருப்பி விட்டா.

"போதும்மா, வெயிலு ஏறுது. நீங்க கரையேறுங்க, நாங்க பாத்துக்கறோம்"னா.

ஏறிட்டேன்.